கங்கம்மாள் சிவப்பு அடித்த மூன்று ஃபிரேம்கள்

கங்கம்மாள் போன மாசியில் இறந்தாள். எழுபத்து நான்கு வயது. அவளைத் தெரிந்துகொள்ள அந்த எழுபத்து நான்கும் வேண்டாம். 1991 அக்டோபரில் பத்து நாள் போதும்.

அப்போது அவள் ஒரகடம் சாலையில் இருந்த டேங்கு கம்பெனியில் வேலை பார்த்தாள். டேங்கு கம்பெனி என்பது ஊர் வைத்த பெயர். அங்கே செய்தது ரசாயன ஆலைகளுக்கான வெப்பப் பரிமாற்றிகள்: ஒரு பெரிய உருளை, அதற்குள் நூற்றுக்கணக்கில் மெல்லிய குழாய்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து போய், வெல்டிங் போட்ட இடத்தை வேஸ்ட் துணியால் துடைக்கிற ஆளாகத்தான் சேர்ந்தாள். துடைத்தவள் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். சொன்ன இடத்தில் எல்லாம் விரிசல் இருந்தது. இரண்டே வருஷத்தில் டை செக் அவள் கைக்கு வந்துவிட்டது.

டை செக் பெரிய வித்தை இல்லை. வெல்டிங் மேல் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சி, பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடரைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையில் கசிந்து கோடு போடும். கோடு வந்த பொருள் மேல் கங்கம்மாள் சிவப்பு பெயிண்டால் ஒரு பட்டை இழுப்பாள். அதன் பிறகு அந்தப் பொருள் ஷெட்டை விட்டு நகராது. பட்டையை இழுத்தவள்தான் துடைக்கவும் வேண்டும். யாரும் எழுதி வைக்காத விதி. வெல்டர்கள் அவளைத் திட்டுவார்கள். விதியை மீற மாட்டார்கள்.

அவள் மகள் சசிரேகாவுக்குப் பதினெட்டு வயது. தண்டலம் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். தினம் சைக்கிளில் போய் வந்ததில் வேகம் வந்தது. வேகத்தைப் பார்த்து யாரோ பந்தயத்துக்குப் பேர் கொடுக்க, மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்தது மாநில அணித் தேர்வு. பெங்களூர் சாலையில் நாற்பது கிலோமீட்டர். முதல் நான்கு பேர் அணிக்கு. அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாலையோரம் பத்துப் பேர் கூடினாலே போலீஸ் வந்தது. பந்தயத்துக்கு அனுமதி கிடைக்க ஐந்து மாதம் ஆகி, ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு என்று முடிவானது.

சசிரேகாவின் சைக்கிள் ஸ்டீல். மெட்ராஸில் பழையதாக வாங்கியது. ஃபிரேம் மட்டும் மூன்று கிலோ.

சைக்கிள் சங்கச் செயலாளர் மெட்ராஸிலிருந்து காரில் வந்தார். காரின் தலையில் ஒரு சைக்கிள் கட்டியிருந்தது. கார்பன் ஃபிரேம். கறுப்புக் குழாய்கள், அலுமினிய மூட்டுகளுக்குள் செருகிப் பசை போட்டு ஒட்டியவை. ஒரு கையால் தூக்கிக் காட்டினார்.

"பொண்ணுக்குக் கால் இருக்கு. சைக்கிள்தான் இல்ல. இதுல ஓட்டட்டும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் கேக்க மாட்டேன்."

சசிரேகா அதைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, மனசைக் கொடுத்துவிட்டாள் என்று. கங்கம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தாள். வாசலில் குந்தி, குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். டேங்குக்குள் ஒட்டிய ரப்பர் பிடி விட்டிருக்கிறதா என்று கம்பெனியில் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். டிக், டிக், டிக் என்று வந்தது. பெடல் அச்சுக்கு மேலே, மூட்டுக்குள் குழாய் நுழைகிற இடத்தில், டப் என்றது. நகர்த்தித் தட்டினாள். டிக். திரும்ப அங்கே. டப்.

"இங்க பசை வுட்டுடுச்சு சார்."

"அம்மா, இது பிரான்ஸ் சாமான்."

"எந்த ஊரா இருந்தா இன்னா சார், பசை பசைதானே. எங்கியாவது வுழுந்தீங்களா?"

செயலாளர் காரைப் பார்த்தார். "தாம்பரத்துல ஒரு தடவை. சும்மா சாய்ஞ்சேன். ஒரு கீறல்கூட விழலியே."

"அதான் சார் பயமா கீது. கீறல் வுழுந்திருந்தா எங்கன்னு பாத்துக்கலாம்."

வீட்டில் பெயிண்ட் இல்லை. கோலத்துக்குக் கரை போட வைத்திருந்த காவிக்கட்டியை நனைத்து, அந்த மூட்டின் மேல் ஒரு பட்டை இழுத்தாள். செயலாளர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க! என்ன விலை தெரியுமா இது?"

"தொடச்சுக்கோங்க சார். ஆனா நீங்களும் ஓட்டாதீங்க."

கார் போனதும் கங்கம்மாளின் புருஷன் நரசிம்மன் சிரித்தான். "கம்பெனில அடிக்கிறது போதாதுன்னு வூட்லயும் ஆரம்பிச்சிட்டா. நாளைக்கு என் நெத்தில இழுப்பா." சசிரேகா சிரிக்கவில்லை.

விஷயம் கம்பெனிக்கு எட்டியது. ஒர்க்ஸ் மேனேஜர் பரசுராமனுக்கு அதில் ஒரு யோசனை பிறந்தது. அந்த வருஷம்தான் கம்பெனி முதன்முதலாக டைட்டானியக் குழாய் போட்ட ஆர்டர் ஒன்றை முடித்திருந்தது. மிச்சத் துண்டுகள் ஸ்டோரில் கிடந்தன. அதில் ஒரு பந்தய ஃபிரேம் செய்து, கம்பெனி பெயரை எழுதி, கம்பெனிப் பெண் ஒருத்தியின் மகள் அதில் ஜெயித்தால், போட்டோவோடு அடுத்த ஆர்டருக்குப் போகலாம்.

செய்தது கோதண்டராமன். வெல்டர்களில் அவன்தான் முதல் கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அவன் போட்ட ஜாயின்ட், பொன் நிறமும் நீலமுமாகப் புடவைக் கரை மாதிரி இருக்கும். வெளி கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். நாலு நாளில் ஃபிரேம் முடிந்தது. ஒன்றே முக்கால் கிலோ. கார்பன் மாதிரி பசை இல்லை, ஸ்டீல் மாதிரி துரு இல்லை. மூட்டுக்கு மூட்டு மயில் கழுத்து நீலம்.

செவ்வாய்க்கிழமை அது கங்கம்மாளின் மேஜைக்கு வந்தது. சாயம் அடித்தாள். துடைத்தாள். பவுடர் தெளித்தாள். ஒரு கோடும் வரவில்லை. இன்னொரு முறை செய்தாள். சுத்தம்.

"இன்னா தங்கச்சி, மாப்பிள்ளை எப்டி?" என்றான் கோதண்டராமன்.

"அழகா கீறாரு."

"அப்புறம் இன்னா மூஞ்சிய தூக்கிவெச்சுகினு கீற?"

"அந்த அழகுதாண்ணே இடிக்குது."

டைட்டானிய ஆர்டருக்கு பம்பாயிலிருந்து ஒரு வெல்டர் பதினைந்து நாள் வந்திருந்தார். குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயு விட்டு, வெல்டிங்குக்குப் பின்னாலேயே வாயு பாயும் ஒரு மூடியை இழுத்துக்கொண்டு, ஆமை மாதிரி வேலை செய்தார். அவருடைய ஜாயின்ட் எல்லாம் புதுத் தட்டு மாதிரி வெள்ளி நிறம். போகும்போது அந்த மூடியையும் எடுத்துப் போய்விட்டார். கங்கம்மாளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: வெள்ளி நிறம் நல்லது, வைக்கோல் நிறம் பரவாயில்லை, நீலம் வந்தால் வெட்டி எறி. சூட்டில் இருக்கும்போது காற்றுப் பட்டால் டைட்டானியம் காற்றைக் குடித்துவிடும். பிறகு அது வளையாது, உடையும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் நீலம் கைத்திறமை. டைட்டானியத்தில் நீலம் நோய். ஸ்டெயின்லெஸ்ஸில் பெயர் வாங்கியவனுக்குத்தான் அந்தத் தப்பு வரும்.

"அவுரு சொன்னாரு சரி. ஒடஞ்சத நீ பாத்தியா?" என்றான் கோதண்டராமன்.

"பாக்கல."

"டையில இன்னா காட்டிச்சு?"

"ஒண்ணும் காட்டல."

"அப்போ?"

கங்கம்மாள் பிரஷ்ஷை எடுத்தாள். அவள் செய்த சோதனை அவள் பக்கம் பேசவில்லை. டை செக் இருக்கிற விரிசலைக் காட்டும். இனிமேல் விடப்போகிற விரிசலைக் காட்டாது. அது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிப் புரியவைக்கிற வார்த்தை அவளிடம் இல்லை. பட்டையை இழுத்தாள். கோதண்டராமன் கையிலிருந்த வெல்டிங் கண்ணாடியை மேஜை மேல் வீசிவிட்டுப் போனான்.

பரசுராமன் கூப்பிட்டார். "ஏம்மா, உன் டெஸ்ட் பாஸ்னு சொல்லுது. நீ ஃபெயில்னு சொல்ற. நான் யாரை நம்பறது?"

"என்ன நம்புங்க சார்."

"நீ எத்தனாவது படிச்சிருக்க?"

"அஞ்சாவது."

"உன் பொண்ணு டிப்ளமோ படிக்குது. அதைக் கேளு."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சசிரேகாவின் புத்தகத்தில் டைட்டானியத்துக்கு ஒரே ஒரு பத்தி: எடை குறைவு, வலிமை அதிகம், துருப்பிடிக்காது. அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நீலத்தப் பத்தி போட்டிருக்கா பாரு," என்றாள் கங்கம்மாள்.

"இல்ல."

"அப்போ புஸ்தகத்துக்கும் தெரியல."

மறுநாள் காலையில் ஃபிரேம் மேல் சிவப்பைக் காணவில்லை. தின்னர் வாடை மட்டும் இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் முறையாக வேறொருவர் துடைத்திருந்தார்கள். கங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தீர்ந்துபோகிற நிலையில் இருந்த டை டப்பாக்களை ஸ்டோரில் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். மகளின் ஸ்டீல் சைக்கிளைத் திருப்பிப் போட்டு, பெயிண்டைச் சுரண்டி, மூட்டு மூட்டாகச் சாயம் அடித்தாள். கைப்பிடிக்குக் கீழே, முன் குழாயும் கீழ்க் குழாயும் சேருகிற இடத்தில், வெள்ளையில் ஒரு சிவப்பு முடி முளைத்தது.

அதன் மேலும் பட்டை இழுத்தாள்.

சசிரேகா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "மூணையும் அடிச்சிட்ட. இப்ப நான் இன்னாத்துல போறது? உன் தோள் மேல ஒக்காந்துகினு போவட்டா?"

"ஸ்டீல்ல எங்கன்னு தெரிஞ்சிடுச்சு. பித்தளை வெச்சு ஊதினா சரியாப்பூடும். மத்த ரெண்டுலயும் குறை உள்ள கீது. தெரியாததுக்கு நான் எப்டி வைத்தியம் பாக்கறது?"

"யார் ஊதுவாங்க? கோதண்டம் மாமாவா? நீ வந்தாலே அவுரு அந்தாண்ட போறாராம்."

"கேக்கறேன்."

"கேட்டு, ஊதி, அந்த மூணு கிலோவ தூக்கிகினு நான் கடைசில வரணும். அதானே ஒனக்கு வோணும்?"

"நீ வரணும். அதான் வோணும்," என்றாள் கங்கம்மாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மேஜையில் டைட்டானிய சைக்கிள், சக்கரம் எல்லாம் பூட்டி, சாமந்தி மாலையோடு நின்றது. போட்டோக்காரர் வந்திருந்தார். சசிரேகா பாவாடை தாவணியில், கண்ணைத் தாயின் பக்கம் திருப்பாமல் நின்றாள். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணி உடைத்து, பொரியும் சுண்டலும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தபோது, பரசுராமன் சைக்கிளைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினார். "வாம்மா, இங்க நின்னு சிரி."

கங்கம்மாள் பட்டுப்புடவையில், கையில் பெயிண்ட் டப்பாவோடு, கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். மாலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பட்டை இழுத்தாள். கைப்பிடிக் குழாயில் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று, பெடல் அச்சில் ஒன்று.

"சார், இது என் டேபிள்ல ரிஜெக்ட் ஆன ஜாப். நான் தொடைக்கல. தொடச்சது யாருன்னு எனக்குத் தெரிய வோணாம். மறுபடியும் தொடச்சா மறுபடியும் அடிப்பேன்."

"பூஜைல வந்து... உனக்குப் புத்தி இருக்கா?"

"ஒரு ஜாயின்ட் அறுத்துக் குடுங்க. வைஸ்ல வெச்சு மடக்கலாம். மடங்கிச்சுன்னா நான் இப்டியே கேட்டத் தாண்டிப் போய்டறேன். உள்ள வரமாட்டேன்."

"ஒரு ஃபிரேமை அறுத்துப் பார்க்கச் சொல்றா! ஜெயிக்கறதுக்கு முன்னாடியே அறுக்கணுமாம்!" பரசுராமன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள். சசிரேகாவின் முகம் சிவந்துவிட்டது.

"அத அறுக்க வோணாம் சார்." பேசியது கோதண்டராமன். வாயில் இருந்த பொரியை மென்று முழுங்கினான். "கை பழகறதுக்கு நான் மொதல்ல ஒரு ஜாயின்ட் போட்டேன். அதே குழா, அதே கேஸ், அதே நீலம். என் லாக்கர்ல கீது. இன்னிக்கு எதையும் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல வைஸ்ல கட்டறேன். எல்லாம் வாங்க." கங்கம்மாள் பக்கம் திரும்பினான். "மடங்கிச்சுன்னா நீ போவ வோணாம். என் கால்ல வுழு, போதும்."

"வுழறேன்," என்றாள்.

விஜயதசமி அன்று முதல் வேலை நல்ல வேலையாக இருக்க வேண்டும். வெல்டர்கள் சின்னதாக ஒரு ஜாயின்ட் போட்டுக் கும்பிட்டுத் தொடங்குவார்கள். அந்த வருஷம் அந்த ஷெட்டில் முதல் வேலை உடைக்கிற வேலை. சசிரேகாவும் வந்திருந்தாள், அம்மா தோற்பதைப் பார்க்க வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோதண்டராமன் ஜாயின்ட்டின் ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கினான். குழாய் நசுங்காமல் இருக்க மறு பக்கத்தில் ஒரு நீளக் கம்பியைச் செருகி, மெல்ல அழுத்தினான். கொஞ்சம் கொடுத்தது. "பாத்தியா," என்றான். இன்னும் அழுத்தினான்.

டக்.

பெரிய சத்தம் இல்லை. பிஸ்கட் உடைகிற சத்தம். குழாய் அவன் கையோடு வந்துவிட்டது. உடைந்த வாயை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்பக்கம் சாம்பல் பூத்திருந்தது.

சசிரேகா கிட்டே வந்து அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். தன் கழுத்தை ஒரு முறை தொட்டுக்கொண்டாள். தொட்டது அவளுக்கே தெரிந்திருக்காது.

கோதண்டராமன் கம்பியைக் கீழே வைத்தான். "ஸ்டீலு எங்க?"

"கேட்டாண்ட கீது."

"இது ஒடையும்னு தெரிஞ்சே எட்டாந்தியா?"

"இல்லண்ணே. மடங்கிச்சுன்னா, அப்டியே அதத் தள்ளிகினு வூட்டுக்குப் பூடலாம்னு எட்டாந்தேன்."

அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. கேஸைத் திறந்து பற்றவைத்தான். அரைமணி நேரத்தில் பித்தளை ஓடி, அந்த மூட்டை மூடியது. கங்கம்மாள் அதையும் சும்மா விடவில்லை. ஆறவிட்டு, சாயம் அடித்து, பத்து நிமிஷம் நின்று, பவுடர் தெளித்து, பிறகுதான் தன் பட்டையைத் துடைத்தாள்.

பரசுராமன் அன்று மதியம் அவளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். பூஜையில் நடந்ததற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்தாள்: 'சைக்கிள் ஃபிரேம் 1. மூட்டுகள் நீலம். ரிஜெக்ட். கங்கம்மாள்.' அதற்கு நான்கு மாதம் அவளை மறுபடி வேஸ்ட் துணி வேலையில் போட்டார்கள். நான்கு மாதமும் துடைத்தாள். துடைத்த இடத்தில் விரிசல் தெரிந்தால், டேபிளில் உட்கார்ந்திருந்த புது ஆளிடம் விரலால் காட்டிவிட்டு நகர்ந்தாள். அவனுக்குக் கோபம் வரும். ஆனால் பட்டை இழுப்பான். மன்னிப்பை யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இன்னொரு ரிப்போர்ட்தான் கிடைத்திருக்கும்.

அது பின்னால். முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

காலை ஆறு மணிக்குத் தண்டலத்தில் பதினொரு பெண்கள் வரிசையாக நின்றார்கள். இருபது கிலோமீட்டர் மேற்கே போய், திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். சசிரேகாவின் சைக்கிளில் பெயிண்ட் சுரண்டின இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மெட்ராஸ் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பிளாஸ்திரியா?" என்றாள். சசிரேகா பெடலைத் திருப்பி வைத்தாள். கங்கம்மாள் சொன்னாள்: "ஆமா கண்ணு. அடி எங்கன்னு தெரிஞ்சு போட்டது."

போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் லாரிகள் மட்டும் வந்தன. நரசிம்மன் பீடி பிடித்தான். கங்கம்மாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் புள்ளிகள் வந்தன. ஐந்து புள்ளி. நெருங்கின. ஐந்தாவது சசிரேகா. கடைசி இருநூறு மீட்டரில் எழுந்து நின்று மிதித்தாள். கைப்பிடியை இடமும் வலமும் பிடுங்குகிற மாதிரி ஆட்டினாள். மொத்தப் பாரமும் அந்த மூட்டில் இறங்கியது. அது ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது பெண்ணின் முன்சக்கரத்தை இவள் முன்சக்கரம் எட்டிவிடும் போல வந்தது. எல்லைக்கோடு வந்துவிட்டது.

அரைச் சக்கர தூரம். ஐந்தாவது.

செயலாளர் கங்கம்மாள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: "ஒரு கிலோ குறைஞ்சிருந்தா அணியில இருந்திருப்பா."

"இருந்திருப்பா சார்," என்றாள் கங்கம்மாள். "அந்த ஒரு கிலோவ நான்தான் ஏத்தினேன்."

சசிரேகா சாலையோரப் புல்லில் சைக்கிளைச் சாய்த்தாள். சாய்க்கவில்லை, போட்டாள். மூச்சு திரும்பியதும் ஆரம்பித்தாள். உன்னாலதான் என்றாள். உலகத்துல எந்த அம்மாவும் இப்டிப் பண்ணமாட்டா என்றாள். இனிமே என் சைக்கிள்ல கை வெச்சன்னா பாரு என்றாள். கார்பன், டைட்டானியம், பம்பாய்க்காரர், பூஜையில் பட்ட மானம் எல்லாம் வந்தது. மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நரசிம்மன் "வுடும்மா, ரோட்ல இன்னாத்துக்கு" என்று குறுக்கே வந்தான்.

"நீ சும்மா இரு, அவ கத்தட்டும்," என்றாள் கங்கம்மாள்.

மகள் எதிரில், கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்றாள். மகளின் நெற்றி, தோள், முட்டி, கால் என்று மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். எங்கும் ஒரு கீறல் இல்லை. தொண்டை நன்றாக இருந்தது. மேற்கே போகிற லாரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"இன்னும் இன்னா பாக்கி கீது? சொல்லு," என்றாள்.

சசிரேகா சொன்னாள்.